இவரும் அவரும் ஒருவரா?

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



உங்கள் செயலாளர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, நீங்கள் நெடுங்காலம் நூல்நிலையத்தில் இருந்தவர், ஆண்டு விழாவில் வந்து பேசவேண்டும்" என்று கேட்டார். வாசிப்பின் அருமையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னாற் போதும் என்று எண்ணி நானும் இசைந்துவிட்டேன். எழுந்து படலையடிக்குப் போன பின்னர்தான் விஷயத்தைச் சொன்னார். "வாசிப்பைப் பற்றிப் பலர் பேசிவிட்டார்கள் ஐயா. நூல்நிலையத்திலும் சுவடிக்கூடத்திலும் நூதனசாலையிலும் உள்ளவற்றைக் கணனியில் ஒன்றோடொன்று தொடுத்து வைக்கிறார்களே, அதற்கான செயலிகளை எப்படி அமைக்கவேண்டும் என்று சொல்லுங்கள்" என்றார். அவர் கணனித்துறையில் உத்தியோகம் பார்ப்பவர். நானோ அட்டை எழுதிப் பழகியவன். ஆயினும் ஒப்புக்கொண்ட பின் பின்வாங்குவது அழகன்று. மேலும், இவ்விஷயத்திலே கணனி அறிந்தவருக்குரிய பகுதி நாம் நினைப்பதிலும் சிறிது. அட்டை எழுதியவனுக்குரிய பகுதி பெரிது. அந்தத் துணிவினாலேதான் உங்கள் முன் நிற்கிறேன்.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களை எடுத்துக்கொள்வோம். 1877 ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்தவர். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி; தாயார் ஆங்கிலப் பெண்மணி. குழந்தையாக இங்கிலாந்து சென்று, அங்கே வளர்ந்து, புவிச்சரிதவியல் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தார். கல்லை ஆராய வந்தவர் கலையை ஆராயத் தொடங்கினார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908 இல் வெளிவந்தது. 425 பிரதிகளே அச்சாயின. சிவபெருமானின் நடனம் பற்றிய கட்டுரை அடங்கிய தொகுப்பு 1918 இல் வந்தது. 1917 முதல் அமெரிக்காவிலே பொஸ்தன் நகர நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றி, 1947 இல் அந்நாட்டிலேயே காலமானார்.

உங்களில் ஒருவர் இவரைப் பற்றி ஆராய்ந்து எழுத விரும்பினால் எங்கே போவது? நூல்கள் கொழும்பிலும் இலண்டனிலும் வாஷிங்டனிலும் வேறு பல நகரங்களிலும் உண்டு. கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் அமெரிக்காவில் பிறின்ஸ்தன் பல்கலைக்கழக நூல்நிலையத்திலே இருக்கின்றன. அவர் தேடிச் சேர்த்த இராசபுத்திர ஓவியங்களை டென்மன் றொஸ் என்னும் செல்வர் விலைக்கு வாங்கிப் பொஸ்தன் நூதனசாலைக்கு 1917 இல் அளித்தார். அங்கே அவை இருவர் பெயரையும் சேர்த்து "றொஸ்-குமாரசுவாமி தொகுதி" எனப்படுகின்றன. இனி, இலங்கையிலே அவரோடு ஊர் ஊராகத் திரிந்து நிழற்படங்கள் எடுத்து உதவியவர் அவருடைய முதல் மனைவியார். அவ்வம்மையார் பிறந்தபோது எதெல் பார்ற்றிட்ஜ். மணந்தபோது எதெல் குமாரசுவாமி. பின்னர் மறுமணம் புரிந்து எதெல் மேறெற் என்னும் பெயரோடு இங்கிலாந்தில் நெசவுக்கலையிலே பெரும்புகழ் எய்தினார். அவருடைய நெசவுகளும் பத்திரங்களும் இங்கிலாந்தில் பார்ணம் என்னும் ஊரிலுள்ள கைவினைக் கல்வி நிலையத்தில் இருக்கின்றன. குமாரசுவாமி என்ற பெயரை மட்டும் கொண்டு தேடுபவன் அந்த வாசலை எப்படி அடைவான்?

இது தூரத்தினால் மட்டும் வரும் தொல்லை அன்று. மூன்று வீட்டாரும் மூன்று பாஷை பேசுகிறவர்கள். நூல்நிலையத்தான் தலைப்புப் பக்கத்தைப் பார்த்து ஆசிரியர், பெயர், ஆண்டு என்று எழுதுவான். அதே நூல் ஆயிரம் இடத்தில் இருப்பதால், ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். சுவடிக்கூடத்தானுக்கு ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்றேயுள்ள பொருள். ஆயிரக்கணக்கான கடிதங்களை ஒவ்வொன்றாக எழுத ஆயுள் போதாது. ஆகவே "இன்னாருடைய பத்திரங்கள், பெட்டி 12, கடிதக்கட்டு 4" என்று கூட்டமாக எழுதுவான். நூதனசாலையானின் பாடு இன்னும் கஷ்டம். ஓவியத்துக்குத் தலைப்புப் பக்கம் ஏது? இது எங்கே வரைந்தது, யார் வரைந்தது, எக்காலத்தது என்பதெல்லாம் யாரோ ஒருவர் பார்த்துச் சொல்லும் அபிப்பிராயம். அதற்கு ஒரு இலக்கம் போட்டு, அபிப்பிராயத்தை எழுதி வைப்பான். மூவரும் தத்தம் தொழிலை நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் ஒருவர் வீட்டுத் திறப்பு மற்றவர் பூட்டுக்கு ஆகாது.

கணனி வந்ததும் இது தீர்ந்திருக்க வேண்டும் என்பீர்கள். அமெரிக்கப் பாராளுமன்ற நூல்நிலையத்தில் ஹென்றியற்றா அவ்றம் என்னும் அம்மையார் 1960 களிலேயே நூற்பட்டியலட்டையைக் கணனி வாசிக்கும்படி செய்துவிட்டார். மார்க் என்ற அந்த முறையை உலகத்து நூல்நிலையங்கள் பல ஏற்றுக்கொண்டன. பெரிய காரியந்தான். ஆனால் அங்கே நடந்தது அட்டை அலுமாரியைக் கணனிக்குள் தூக்கி வைத்ததே. "குமாரசுவாமி, ஆனந்த" என்ற எழுத்து வரிசையைக் கண்டால் நமக்கு ஒரு மனிதர் நினைவுக்கு வருகிறார். கணனிக்கு எழுத்துத்தான் தெரியும், மனிதர் தெரியாது.

உலகவலையை ஆக்கிய ரிம் பேணர்ஸ்-லீ 2006 இல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். வலையிலே பக்கத்தைப் பக்கத்தோடு தொடுத்தோம். இனிப் பொருளைப் பொருளோடு தொடுக்கவேண்டும் என்பது அதன் கருத்து. ஒவ்வொரு மனிதருக்கும், நூலுக்கும், ஊருக்கும், ஓவியத்துக்கும் வலையிலே தனி முகவரி ஒன்றைப் பெயராக வையுங்கள். அந்த முகவரிக்கு வருகிறவருக்கு உபயோகமான செய்தி கொடுங்கள். அங்கிருந்து பிறருடைய முகவரிகளுக்கு வழி காட்டுங்கள் என்றார். செய்தியை எழுதும் முறையும் எளிது. பள்ளிக்கூடத்தில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் படித்தீர்கள் அல்லவா? அவ்வளவுதான். "இம்மனிதர் எழுதினார் இந்நூலை" என்பது ஒரு வாக்கியம். "இந்நூல் அச்சானது இவ்வூரில்" என்பது மற்றொன்று. முதல் வாக்கியத்தின் செயப்படுபொருள் அடுத்த வாக்கியத்தின் எழுவாயாகிறது. பூவுக்குப் பின் பூவாகத் தொடுத்துக்கொண்டே போகலாம். எழுவாயும் செயப்படுபொருளும் மட்டுமன்றி நடுவிலுள்ள பயனிலைக்கும் ஒரு முகவரி உண்டு. ஆகையால் இரண்டு பொருள்களுக்கிடையே தொடர்பு உண்டென்பது மட்டுமன்று, என்ன தொடர்பு என்பதும் கணனிக்கு விளங்கும். இதைத் தொடுத்த தரவு என்கிறார்கள். யாரும் கேளாமலே எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியும் சேர்ந்தால் அது தொடுத்த திறந்த தரவு.

பெயருக்குப் பதில் முகவரி என்பதில் நமக்கு ஒரு பெரிய ஆறுதல் உண்டு. பல நாட்டுத் தேசிய நூல்நிலையங்கள் ஆசிரியர் பெயர்களைத் தீர்மானித்து வைத்திருக்கும் பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்தி, வீ. ஐ. ஏ. எவ். என்னும் பொதுப் பட்டியல் ஒன்றை ஆக்கியிருக்கிறார்கள். அங்கே ஜெர்மானியர் தம் எழுத்துக்கூட்டலை விடவில்லை, பிரெஞ்சுக்காரரும் விடவில்லை. அவரவர் வடிவம் அவரவருக்கு. எல்லாவற்றையும் பிணைப்பது ஒரு இலக்கம். நான் உத்தியோகத்தில் இருந்தபோது குமாரசுவாமியா, குமாரசாமியா என்று இரண்டு உத்தியோகத்தர் ஒரு பகல் முழுவதும் வாதாடியதைக் கண்டிருக்கிறேன். இருவரும் சரி என்று தீர்ப்புச் சொல்ல அன்று ஒரு நீதிபதி இல்லை, இன்று உண்டு.

நிற்க. இலக்கம் போடுவது எளிது. இந்த இலக்கத்துக்கு உரியவரும் அந்த இலக்கத்துக்கு உரியவரும் ஒருவரே என்று சொல்வதுதான் இந்தத் தொழில் முழுவதினதும் உயிர்நிலை. அதிலே நான் செய்த பிழை ஒன்றை இந்தச் சபையிலே ஒப்புக்கொள்ள விரும்புகிறேன்.

இளமையில் ஒரு நூல்நிலையத்திலே உதவியாளனாயிருந்தேன். பெயரை மாற்றிச் சொல்கிறேன்: க. முருகேசு என்ற பெயரிலே இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று, ஒரு பிள்ளையார் கோயிலுக்குப் பாடிய ஊஞ்சற் பதிகம். மற்றொன்று, பள்ளிக்கூடங்களுக்கான எண்கணித நூல். புதிதாக வேலைக்கு வந்தவனுக்கு ஒழுங்கு செய்யும் ஆசை அதிகம். இரண்டையும் ஒருவர் பெயரின் கீழ் சேர்த்து, புது அட்டை எழுதி, பழையதைக் கிழித்துப் போட்டேன். வருஷங்கள் சென்றன. எண்கணிதம் எழுதிய ஆசிரியர் காலமானார். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிட அவருடைய மக்கள் தகப்பனார் எழுதிய நூல்களின் விபரம் தேடி நூல்நிலையத்துக்கு வந்தார்கள். என் அட்டையைப் பார்த்தார்கள். தகப்பனார் பதிகமும் பாடியிருக்கிறார் என்று மகிழ்ந்து, அதை முழுவதும் கல்வெட்டிலே சேர்த்து அச்சிட்டுவிட்டார்கள். பதிகம் பாடியவரோ வேறொரு ஊரவர். அந்த ஆசிரியர் பிறக்குமுன்னரே இறந்தவர். அவர் வழிவந்தவர்கள் கல்வெட்டைக் கண்டு, "எங்கள் பாட்டனாருடைய பாட்டைக் களவெடுத்துப் போட்டீர்கள்" என்று துக்க வீட்டு முற்றத்திலே வந்து நின்றார்கள். நான் இரண்டு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். அட்டையைக் கிழித்து எழுதினேன். ஆனால் அந்தக் கல்வெட்டு இன்றைக்கும் எத்தனை வீட்டு அலுமாரியில் இருக்கிறதோ, யார் அறிவார்?

அது ஒரு மேசை லாச்சிக்குள் நடந்த பிழை. இன்று தொடுத்த தரவிலே "இவரும் அவரும் ஒருவரே" என்று ஒருவர் எழுதினால், அதை எடுத்து மற்றொரு நிலையம் சேர்க்கும். அதிலிருந்து இன்னொன்று சேர்க்கும். எங்கிருந்து தொடங்கியது என்று தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. ஆகையால் செயலி அமைக்கும் இளைஞர்களுக்கு முதலாவதாகச் சொல்வது இது: "ஒருவரே" என்ற வார்த்தையோடு "ஒருவராயிருக்கலாம்" என்ற வார்த்தையையும் வைத்துக்கொள்ளுங்கள். பொருட்சொற்களைப் பொருத்துவதற்கென வகுத்த ஸ்கொஸ் என்ற முறையிலே முற்றும் ஒத்தது, நெருங்கி ஒத்தது என்று இரண்டு தொடுப்புகள் வேறு வேறாக உண்டு. ஆட்களுக்கும் அந்த வேறுபாடு வேண்டும். தொடுக்காமல் விட்டதை நாளைக்குத் தொடுக்கலாம். பிழையாகத் தொடுத்ததை அவிழ்க்க வருகிறவனுக்கு எத்தனை முடிச்சு என்றே தெரியாது.

நம்மவர் பெயரிலே இந்த ஆபத்து இன்னும் கூட. பேரன் என்ற சொல்லே பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்பதிலிருந்து வந்ததல்லவா? கந்தையாவின் மகன் முருகேசு, முருகேசுவின் மகன் கந்தையா, அவர் மகன் மீண்டும் முருகேசு என்றால், பாட்டனும் க. முருகேசு, பேரனும் க. முருகேசு. இனி, மேல்நாட்டு முறையில் அமைத்த செயலிகளிலே முதற்பெயர் ஒரு கட்டம், குடும்பப்பெயர் ஒரு கட்டம் என்று இரண்டு கட்டம் இருக்கும். ஆனந்த குமாரசுவாமியின் பெயரிலுள்ள குமாரசுவாமி குடும்பப்பெயரா? அவருடைய பாட்டனாரின் சொந்தப் பெயர் அது. அந்தப் பாட்டனாரின் மகள்வழிப் பேரர்கள் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும். அவர்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள். ஆனால் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று கொள்ளும் கணனிக்கு, இராமநாதனும் அருணாசலமும் இரண்டு குடும்பத்தவர். உறவேயில்லாத நூறு குமாரசுவாமிகள் ஒரு குடும்பத்தவர்! நூலில் அச்சானபடி பெயர், இட்ட பெயர், தந்தையின் பெயர் என்று வேறு வேறாக வைக்க இடம் கொடுத்தால் இந்தக் கேலிக்கூத்து நேராது. விக்கித்தரவு என்னும் பொதுத் தரவுக் களஞ்சியத்திலே தந்தைவழிப் பெயருக்கு இப்போது தனியிடம் உண்டு.

செயலி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு நான் கண்டவற்றுள் மனதைத் தொட்ட உதாரணம் பின்லாந்து நாட்டிலே இருக்கிறது. அந்நாட்டார் 1939 முதல் 1945 வரை மூன்று யுத்தங்களைக் கண்டார்கள். கரேலியா என்னும் கீழ்ப்பகுதியின் பெரும்பங்கைச் சோவியத்து நாட்டுக்கு இழந்தார்கள். நாலு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடுவாசலை விட்டு எழும்பி வந்தார்கள். யுத்தத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 95,000 பேருடைய விபரங்கள் தேசிய சுவடிக்கூடத்தில் இருந்தன. படைப்பகுதிகளின் நாட்குறிப்புகள் அதே சுவடிக்கூடத்தில் வேறொரு தொகுதி. படையினர் எடுத்த நிழற்படங்கள் ஏறத்தாழ 160,000 மற்றோரிடத்தில். போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் தங்கள் அனுபவங்களை எழுதிய ஒரு சஞ்சிகை 1957 முதல் 1986 வரை வெளிவந்தது, அது நூல்நிலையங்களில். கைவிட்டுப்போன ஊர்களின் பழைய பெயர்கள் பழைய வரைபடங்களில்.

எயிறோ ஹுவோனென் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் இவற்றைத் தொடுத்து 2015 இல் சோத்தாசம்போ என்ற செயலியை வெளியிட்டார்கள். சம்போ என்பது அவர்கள் நாட்டுக் காவியமாகிய கலேவலாவிலே வரும் அதிசயத் திரிகை. மாவும் உப்பும் பொன்னும் அரைத்துக் கொடுக்குமாம். நம்முடைய அட்சயபாத்திரம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதிலே என்ன விசேஷம் என்றால், அவர்கள் தரவிலிருந்து தொடங்கவில்லை. ஒரு கேள்வியிலிருந்து தொடங்கினார்கள். "என் பாட்டனாருக்கு யுத்தத்திலே என்ன நடந்தது?" அந்நாட்டில் அந்தக் கேள்வி இல்லாத வீடு குறைவு. ஒரு பேத்தி வந்து பாட்டனார் பெயரைக் கொடுத்தால், அவருக்கென ஒரு பக்கம் திறக்கிறது. பிறந்த ஊர், படைப்பகுதி, இறந்த நாள், இறந்த இடம், அடக்கம் செய்த இடம். போர்முனையில் இறந்தவரை இயன்றவரை சொந்த ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்வது அந்நாட்டு வழக்கம். ஆகவே இறந்த இடம் வேறு, அடக்கம் செய்த இடம் வேறு. அங்கிருந்து அவருடைய படைப்பகுதி எங்கெங்கே சென்றது என்று பார்க்கலாம். அப்பகுதியின் நாட்குறிப்பைத் திறக்கலாம். அந்த இடத்தில் அந்த நாட்களில் எடுத்த படங்களைப் பார்க்கலாம். அந்தப் படைப்பகுதியைப் பற்றித் தோழன் ஒருவன் பின்னாளிலே சஞ்சிகையில் எழுதியிருந்தால் அதையும் வாசிக்கலாம். பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்து, வேற்று நாட்டுக்குள் அகப்பட்ட அந்த ஊர் எங்கே என்று காணலாம். அந்தப் படத்திலே பாட்டனார் நிற்கிறார் என்று செயலி சொல்லவில்லை. அவர் இருந்த இடமும் காலமும் இவை என்று மட்டும் சொல்கிறது. அந்த அடக்கத்தை நான் மிகவும் மெச்சுகிறேன்.

இதைச் செய்ய அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. படத்தின் கீழே பதவியும் குடும்பப்பெயரும் மட்டுமே எழுதியிருக்கும். அதே பெயரில் எத்தனையோ பேர். படம் எடுத்த நாளில் அந்தப் பதவியில் இருந்தவர் யார், எந்தப் படைப்பகுதி அப்போது அங்கே நின்றது என்று ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் தொடுக்கவேண்டும். கணனி செய்த தொடுப்புகள் சில பிழைத்ததையும் அவர்களே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். 2017 இல் வெனிஸ் நகரிலே லொட்லாம் என்னும் கூட்டம் நடந்தது. நூல்நிலையம், சுவடிக்கூடம், நூதனசாலை மூன்றிலும் இந்த வேலை செய்கிறவர்கள் கூடுகிற இடம் அது. திறந்த தரவுக்கான பரிசை அங்கே இந்தச் செயலி பெற்றது.

இதற்கு மாறாக, பல நிலையங்கள் கோடிக்கணக்கான வாக்கியங்களை வெளியிட்டுவிட்டு, யாராவது வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததும் உண்டு. சில செயலிகளைத் திறந்தால் சிலந்திவலை போல வட்டமும் கோடுமாக ஒரு படம் சுழலும். ஆக்கியவருக்கு அது அழகு. பாட்டனாரைத் தேடி வந்தவளுக்கு அதனால் என்ன பயன்? சோறு கேட்டு வந்தவனுக்கு அடுப்பு கட்டிய விதத்தைக் காட்டுவது போன்றது அது. தொடுப்பு உள்ளே இருக்கட்டும்; வெளியே மறுமொழி இருக்கவேண்டும்.

இன்னொன்று. யார் சொன்னது என்பதை எறிந்துவிடாதீர்கள். பொஸ்தன் ஓவியங்களுக்கு மறுபடியும் வருவோம். குமாரசுவாமி 1916 இல் இராசபுத்திர ஓவியம் பற்றி எழுதிய நூலிலே, சமவெளியிற் பிறந்தவற்றை இராசத்தானி என்றும், இமயச் சாரலிற் பிறந்தவற்றைப் பகாரி என்றும் வகுத்தார். அதன் பின்னர் அறிஞர்கள் இது இன்ன சமஸ்தானத்து ஓவியம், அது இன்ன சமஸ்தானத்து ஓவியம் என்று அரசர்களின் பெயரால் பிரித்துக்கொண்டு வந்தார்கள். 1968 இல் பி. என். கோசுவாமி என்ற அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். ஓவியத்தின் பாணியைத் தீர்மானிப்பது சமஸ்தானம் அன்று, ஓவியர் குடும்பம் என்றார். அவருக்கு ஆதாரம் எங்கே கிடைத்தது தெரியுமா? ஹரித்துவாரம் முதலிய தலங்களிலே யாத்திரிகர்களின் வமிசாவளியைப் பரம்பரை பரம்பரையாக எழுதி வைத்திருக்கும் பண்டாக்களின் ஏடுகளில்! கங்கையாட வந்த ஓவியர்கள் தம் தந்தை, பாட்டன் பெயரை அங்கே எழுதுவித்துச் சென்றிருந்தார்கள். குலேர் என்ற ஊரைச் சேர்ந்த பண்டித சேயு, அவர் மக்கள் மானக்கு, நயின்சுக் என்ற குடும்பம் அவ்வாறு வெளிச்சத்துக்கு வந்தது. யாத்திரை ஏடு சுவடிக்கூடத்துப் பொருள். ஓவியம் நூதனசாலைப் பொருள். கட்டுரை நூல்நிலையப் பொருள். கணனி இல்லாமலே மூன்றையும் தொடுத்தார் ஒருவர்.

இப்போது செயலி என்ன செய்யவேண்டும்? குமாரசுவாமி சொன்னதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவதா? கூடாது. இன்னார், இன்ன ஆண்டு, இப்படிச் சொன்னார். இன்னார், பின்னர், அப்படிச் சொன்னார் என்று இரண்டும் நிற்கவேண்டும். விக்கித்தரவிலே ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் எழுத இடமுண்டு; ஒன்றை ஏற்றதென்றும் மற்றொன்றைக் கைவிடப்பட்டதென்றும் குறிக்கவும் வழியுண்டு. நூதனசாலைச் சுவரிலே தொங்கும் சிறு அட்டையில் ஒரு வரிக்குத்தான் இடம். கணனியிலே அந்தக் கஷ்டம் இல்லை.

திறந்த என்ற சொல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொருளைத் திறந்துவிடுவது வேறு. பொருளைப் பற்றிய விபரத்தைத் திறந்துவிடுவது வேறு. ஐரோப்பிய நாடுகளின் பொதுச் செயலியாகிய யூறோப்பியானா 2012 இல் இரண்டு கோடி விபரக்குறிப்புகளை எந்த நிபந்தனையுமின்றி உலகுக்கு விட்டது. அந்தக் குறிப்புகள் குறிக்கும் படங்களின் உரிமை அவரவரிடமே இருந்தது. எம்மவரிலே சிலர் பட்டியலைக் காட்டினாலே பொருள் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். ஏட்டுப் பெட்டியைத் திறக்காமல் வைத்து இராமபாணப் பூச்சிக்குக் கொடுத்த வீடுகளை நான் அறிவேன். உயிரோடிருப்பவர்களின் சொந்த விஷயங்களை மட்டும் காத்துக்கொள்ளுங்கள். அதிலே எனக்கும் கண்டிப்பு உண்டு.

நிலைத்து நிற்பதும் ஒரு கவலைதான். 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூல்நிலையத்தின் கணனிகள் தாக்கப்பட்டன. அவ்வளவு பெரிய நிலையத்தின் பட்டியலையும் 2024 சனவரி வரை வெளியார் பார்க்க முடியவில்லை. யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்தில் 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை இங்கிருக்கும் பெரியோர்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. இழந்தது எது என்று அறிவதற்கே வேறோரிடத்தில் ஒரு பட்டியல் வேண்டும். ஆகவே தரவின் பிரதி ஒன்றை இன்னொரு நிலையத்திடம் ஒப்படைத்து வையுங்கள். முகவரி வைக்கும்போது இயந்திரத்தின் பெயரையோ திணைக்களத்தின் பெயரையோ அதிலே புகுத்தாதீர்கள். இரண்டும் மாறிக்கொண்டே இருப்பவை.

இளைஞர்களே, இதற்கெல்லாம் பெரும்பணம் வேண்டும் என்று எண்ணாதீர்கள். எம்மவரின் நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் நூலகம் என்னும் எண்ணிம நூல்நிலையம் 2005 முதல் வலையிலே வைத்து வருகிறது. உங்கள் சங்கத்தின் பழைய மலர்களை எடுங்கள். கட்டுரை எழுதியவர் யார், அவர் வேறு என்ன எழுதினார், எந்த ஊர், இன்னார் மகன் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். விக்கித்தரவிலே காலமானவர்களும் அறியப்பட்டவர்களுமாயிருந்தால் அங்கே சேருங்கள். இல்லாவிடின் உங்கள் பட்டியலிலேயே இருக்கட்டும். பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். எழுத்தும் கணனியும் இவர்களுக்குத் தெரியும்; ஆள் தெரியாது. ஆளைத் தெரிந்தவர்கள் நீங்கள்.

அதோ வாசலுக்கு மேலே தொங்குகிற குழுப்படத்தைப் பாருங்கள். கீழே பெயர் எழுதி ஒட்டிய தாளைச் செல்லரித்துவிட்டது. பின்வரிசையில் நிற்பவர்களிலே இடமிருந்து மூன்றாமவர் யார் என்று, கூட்டம் தொடங்குமுன் இங்கேயிருக்கும் மூன்று பெரியவர்களைக் கேட்டேன். இருவர் ஒரு பெயரைச் சொன்னார்கள். மூன்றாமவர் வேறொரு பெயரைச் சொல்லி, "படம் எடுத்த அன்று அவருக்குத் தலைப்பாகை கட்டிவிட்டவனே நான்தான்" என்றும் சொன்னார். இரண்டு பெயரையும், சொன்னவர் யார் என்பதையும், இன்றைய தேதியையும் ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். நாலாமவர் ஒருவரையும் கேட்க எண்ணியிருந்தேன், அதற்குள் மணியடித்துவிட்டார்கள். அவர் முன்வரிசையிலே இருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவர் பஸ்ஸுக்குப் போய்விடாமல் யாராவது மறித்து வையுங்கள்.